வந்த நோக்கம்: வேலை

அச்சு அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்களா என்று அந்தச் செவித்திறன் நிலையத்தில் அப்போது யாரைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் கிடையாது. அனுப்பவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தை அவளுக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

காது கேளாத பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காது மெஷின் மாட்டி அனுப்புகிற இடம் அது. மெஷின் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். காதுதான் ஆளுக்கு ஆள் வேறு. மெஷினைக் காதுக்குள் பிடித்து நிறுத்த அந்தந்தக் காதின் அளவுக்கு ஓர் அச்சு வேண்டும். காதுக்குள் பசையைச் செலுத்தி, அது இறுகியதும் எடுத்து, அதை வைத்து அச்சை வார்த்து, அராவி, மெருகேற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அச்சு மயிரிழை தளர்ந்தாலும் மெஷின் விசில் அடிக்கும். மயிரிழை இறுகினால் காது புண்ணாகும். பதினான்கு வருடத்தில் அவள் கையால் போன அச்சுகளில் விசில் அடித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அதனால் பிள்ளைகள் முதல் டாக்டர்கள் வரை எல்லோருக்கும் அவள் அச்சு அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வீட்டு மின்சார ரசீதில் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த கதை மிகச் சிறியது. அதற்கு முன் அவள் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் இருந்தாள். நிலையத்தை ஆரம்பித்த பெரிய டாக்டர் தமக்குப் பல்செட் வாங்க அங்கே வந்தார். மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாயை மென்று பார்த்தார்.

"இத யார் அராவினது?"

"நான்தாங்க."

"பல்லுக்கு இவ்வளவு பாக்கற பொண்ணு காதுக்குப் பாக்க மாட்டியா? நாளைக்கு வந்துடு."

அவள் மறுநாள் போய்விட்டாள். அதுதான் நியமனம். அவர் காகிதம் தரவில்லை, அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே அங்கேயே எழுதிக் கொடுத்திருப்பார். இது நடக்கும்போது அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அவருக்குப் பிறகு வந்த டைரக்டர் அதுவரை ஓட்டல்கள் நடத்தியவர். காதைப் பற்றித் தெரியாது என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார், வெளியாளின் பார்வை வேண்டுமாம். வந்ததும் மேனேஜர் பதவியை எடுத்துவிட்டு, 'ஊழியர் மாண்பு அலுவலர்' என்று ஒரு பதவியை உண்டாக்கினார். அதற்கு முப்பது வயது சொச்சத்தில் ஒருவர் வந்தார். மெல்லிய குரல். யாரிடம் பேசினாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசுவார். அவர் நெஞ்சில் கை வைத்தால் எதிரில் இருப்பவருக்கு ஏதோ போகப்போகிறது என்பது ஊழியர்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது.

வினை தரச்சான்றின் உருவத்தில் வந்தது. வெளியிலிருந்து ஆய்வுக் குழு வந்து எல்லாவற்றையும் பார்த்து, நிலையத்துக்கு மூன்று நட்சத்திரமா நான்கா என்று சொல்லும். அதற்காக ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு நீலக் கோப்பு தயாரானது. ஊழியர்கள் அறுபத்து மூன்று பேர். கோப்புகள் அறுபத்து இரண்டு.

மாண்பு அலுவலர் அச்சு அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அக்கா, உங்க நியமன உத்தரவு எங்க இருக்கு?"

"அப்படி ஒண்ணும் குடுக்கலையே சார். பெரிய டாக்டர் வரச் சொன்னார், வந்தேன்."

"சம்பளம் எப்படி வந்துச்சு?"

அது அவளுக்கும் தெரியாது. மாதம் பிறந்தால் கவர் வரும், வாங்கிக்கொள்வாள். அவர் எங்கெங்கோ துருவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். லிஃப்ட், தண்ணீர் வடிகட்டி, அச்சு அக்கா மூன்றும் 'இதரப் பராமரிப்பு' என்ற தலைப்பில் இருந்தன.

"சரி சார், இப்ப ஒரு உத்தரவு போட்டுக் குடுத்துடுங்களேன்."

"போடலாம். பழைய தேதி போட்டா அது மோசடி. இன்னைக்குத் தேதி போட்டா, பதினாலு வருஷமா கோப்பில்லாம ஒருத்தர வச்சிருந்தோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். ஒரு நட்சத்திரம் போயிடும்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர். குடும்பத்துல யாராவது உத்தரவு கேப்பாங்களா? நாங்க பாத்துக்கறோம்."

அவள் மனம் நிறைந்துபோய் வெளியே வந்தாள். பார்த்துக்கொள்கிறோம் என்பதை அவள் நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் விரல் வைக்கும் கருவி மாட்டியிருந்தார்கள். எல்லோரும் விரலை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது. அவள் வைத்தாள். சிவப்பு. அராவி அராவி ரேகை தேய்ந்திருக்கும் என்று நினைத்து வேறு விரலை வைத்தாள். பத்து விரலும் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முதலில் அனுதாபப்பட்டார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சை எரியாதவங்கள பார்வையாளர் நோட்டுல எழுதச் சொல்லியிருக்காங்க."

"நானா பார்வையாளர்?"

"எனக்குத் தெரியும்க்கா. மெஷினுக்குத் தெரியலையே."

நோட்டில் அவள் தன் பெயரை எழுதினாள். எங்கிருந்து என்ற இடத்தில் வீட்டு விலாசத்தை எழுதினாள். யாரைப் பார்க்க என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாட்ச்மேன் அவளிடமிருந்து நோட்டை வாங்கி, அந்தக் கட்டத்தில் 'அச்சு அக்கா' என்று தாமே எழுதினார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் அவள் 'வேலை' என்று எழுதினாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கிடைத்தது.

பார்வையாளர் நேரம் காலை பத்திலிருந்து ஒன்று, மாலை மூன்றிலிருந்து ஐந்து. ஒரு மணி அடித்ததும் வாட்ச்மேன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அவள் பாதி அராவிய அச்சை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தெருவுக்கு எதிரில் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மூன்றுக்கு மறுபடி நோட்டு, மறுபடி அட்டை. இப்படி ஐந்து வாரம் ஓடிற்று. பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்த பழைய நோயாளி ஒருவர், ஊருக்குப் போகிறீர்களா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

பிறகு மேஜைக்கு வந்தார்கள். மேஜையின் காலில் ஓர் எண் ஒட்டியிருந்தது. நாற்காலிக்கும் எண் இருந்தது. அராவும் கருவிக்கும் இருந்தது. எண் உள்ள பொருளை எண் இல்லாத ஆள் பயன்படுத்துவது ஆய்வில் குறையாகக் கருதப்படும் என்று மாண்பு அலுவலர் மிகுந்த வருத்தத்தோடு விளக்கினார். மேஜை போயிற்று. அவளை உடைந்த சக்கர நாற்காலிகள் கிடக்கும் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அந்த நாற்காலிகளுக்கு எண் நீக்கப்பட்டிருந்ததால் உட்காரத் தடையில்லை. அதில் ஒன்றில் ஒரு பக்கம் சாய்ந்தபடி உட்கார்ந்து, கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

அச்சு வேலையை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று. காதைப் படம் பிடித்து அனுப்பினால் பத்து நாளில் அச்சு வரும். வந்தது. முதல் வாரத்திலேயே காத்திருக்கும் கூடம் முழுக்க விசில் கேட்டது. டைரக்டர் தம் அறையிலிருந்து வெளியே வந்து, பிள்ளைகள் உற்சாகமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். காதைப் பரிசோதிக்கும் டாக்டரம்மா காதும் காதும் வைத்தாற்போல் அந்தப் பிள்ளைகளைப் பின்படி வழியாகச் சாமான் அறைக்கு அனுப்பினாள். அச்சு அக்கா சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பினாள். அந்த மாத அறிக்கையில், கம்பெனி அச்சுகளில் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது.

அதே மாதம் கவர் வரவில்லை. லிஃப்டுக்கும் வடிகட்டிக்கும் வந்தது.

அவள் வீட்டில் நாத்தனாரும் இருந்தாள். கணவனைப் பிரிந்து வந்தவள், கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துப் பிழைப்பவள். அச்சு அக்காவின் கணவர் லாரி ஓட்டப் போனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீடு, ஆகவே எது நடந்தாலும் முதலில் இவள் காதுக்குத்தான் போகும்.

"உன்னை அவங்க தொரத்துறாங்க அண்ணி. உனக்குத்தான் புரியல."

"தொரத்துனா போன்னு சொல்லுவாங்கல்ல? யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னா நீ கேள்வி கேப்ப. அதான் சொல்லல."

அச்சு அக்கா விரல் இடுக்கில் ஒட்டியிருந்த அச்சுத் தூளைத் தேய்த்து உதறினாள். பிறகு, நாத்தனாரே திடுக்கிடும்படி ஒன்று கேட்டாள். "நான் அங்க வேலைதான் பாத்தேனா? இல்ல, நானாத்தான் போய்ப் போய் வந்துக்கிட்டு இருந்தேனா?"

மறுநாள் அவள் மாண்பு அலுவலரிடம் போய், தயவுசெய்து தன்னை வேலையை விட்டு நீக்கி ஒரு கடிதம் கொடுக்கும்படி கேட்டாள். அது இருந்தால் பழைய பல்செட் கூடத்தில் காட்டலாம், வேறு இடம் தேடலாம்.

அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று. "அக்கா, மனசு வலிக்குது. உங்கள எப்படி நாங்க நீக்க முடியும்? நீக்கணும்னா மொதல்ல சேத்திருக்கணும். சேத்ததுக்கு ஆதாரம் இருந்தா கொண்டாங்க, உடனே நீக்கிடறேன்."

"ஆதாரம் இருந்தா நான் எதுக்கு சார் போறேன்?"

"அதத்தான் நானும் சொல்றேன். எவ்வளவு தெளிவா பேசறீங்க."

குறைகளைக் கேட்க 'செவிசாய்க்கும் குழு' என்று ஒன்று இருப்பதாகவும், அதன் படிவத்தை நிரப்பித் தரலாம் என்றும் சொன்னார். படிவத்தில் ஊழியர் எண் கேட்டிருந்தது. அவள் பார்வையாளர் அட்டையில் இருந்த நானூற்றுப் பதினேழை எழுதிக் கொடுத்தாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

குழுவில் ஐந்து பேர். நடுவில் டைரக்டர். அவள் சொல்லத் தொடங்கியதும் அவர் கையமர்த்தினார்.

"அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்த நிலையத்தோட வரலாற்றுல இதுவரைக்கும் ஒரு பணிநீக்கம்கூடக் கிடையாது. நான் வந்த மூணு வருஷத்துல பதினெட்டுப் பேரு போயிருக்காங்க. பதினெட்டும் தானா போனது. பழைய கேஷியருக்கு நாற்காலி வர லேட்டாச்சு. ரெண்டு மாசம் நின்னுக்கிட்டே வேலை பாத்தார். அப்புறம் முழங்கால் வலின்னு எழுதிக் குடுத்தார். நாங்க ஒரு வார்த்தை வற்புறுத்தினோமா? கேட்டுப் பாருங்க. கேக் வெட்டித்தான் அனுப்பினோம்."

மற்ற நால்வரும் கேக் வெட்டியதை உறுதி செய்தார்கள்.

"எனக்கு ஒரு எழுத்து வேணும் சார். இங்க வேலை பாத்தேன்னு ஒரு வரி."

"எழுத்துதான் மனுஷங்களப் பிரிக்குது அம்மா. காகிதம் இல்லாத உறவுதான் உண்மையான உறவு." இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முன்னால் வந்த மூன்று கடிதங்களில் கையெழுத்துப் போட்டார். நான்காவதைப் படித்துப் பார்த்துவிட்டு, தேதி விட்டுப்போயிருக்கிறது, தேதி இல்லாத காகிதத்தில் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்.

கூட்டக் குறிப்பு இரண்டு நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. 'பார்வையாளர் எண் 417 நிலையத்தின் சேவை குறித்து மனநிறைவு தெரிவித்தார்.'

ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள் மாண்பு அலுவலர் சாமான் அறைக்கே வந்துவிட்டார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரம். 'பதினான்கு ஆண்டுகள் ஊதியம் எதிர்பாராது அச்சுப் பணி ஆற்றிய தன்னார்வத் தொண்டருக்கு' என்று அழகான எழுத்தில் போட்டிருந்தது. நாளை விழாவில் ஆய்வுக் குழுத் தலைவர் கையால் தருவார்கள். தன்னார்வத் தொண்டர்களைப் போற்றும் நிறுவனத்துக்கு அரை நட்சத்திரம் கூடுதலாம்.

"ஊதியம் எதிர்பாக்கலைன்னு போட்டிருக்கே சார்."

"எதிர்பாத்ததா எங்கயும் எழுதல இல்லையா?"

"நான் வாங்கினேனே சார்."

"வாங்கினது வேற, எதிர்பாக்கறது வேற. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க அக்கா. நீங்க கேட்டது எழுத்துதானே? இதுவும் எழுத்துதான், சட்டம் வேற போட்டிருக்கு."

பதினான்கு வருடம் எதற்கும் மறுப்புச் சொல்லாத அச்சு அக்கா அன்று தன் உப்புத்தாளையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டாள். "இதுல போட மாட்டேன் சார்" என்று மட்டும் சொன்னாள். வாசலில் அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில் வாட்ச்மேன் நேரத்தை எழுதினார்.

தானாகப் போனவர்கள் பத்தொன்பது ஆனார்கள். நிலையத்துக்கு மூன்றரை நட்சத்திரம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவள் எழுந்து குளித்துப் புடவை கட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசியில் கணவர், "விட்டுத் தள்ளு, உடம்பப் பாரு" என்றார். விட்டுத் தள்ள ஏதாவது கையில் இருந்தால் அல்லவா தள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. லாரி ஓட்டுகிறவரைக் கலங்கடிப்பானேன்.

இரண்டாம் வாரம் ஒரு தாய், அலறும் விசிலோடு ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மாதான் விலாசம் கொடுத்திருக்கிறாள். அடுத்த நாள் மூன்று பேர். பல்செட் கூடக்காரர் பழைய அராவும் கருவி ஒன்றைக் கொடுத்து உதவினார். முன்னறையில் நாத்தனாரின் டைப் மெஷினுக்கு எதிரில் ஒரு மேஜை போட்டு, அச்சு அக்கா வேலையைத் தொடங்கினாள். நான்கு மாதத்தில் நிலையத்தின் கூடத்தில் கூட்டம் பாதியாகக் குறைந்தது.

அப்போதுதான் பதிவுத் தபாலில் அந்த நோட்டீஸ் வந்தது. நாத்தனார் உரக்கப் படித்தாள்.

"'எமது நிலையத்தில் பதினான்கு ஆண்டுகள் அச்சுப் பிரிவில் ஊழியராகப் பணியாற்றி, எமது தொழில்முறைகளை அறிந்துகொண்ட தாங்கள், வெளியில் அதே தொழிலைச் செய்வது ஊழியர் நடத்தை விதிகளுக்கு முரணானது. உடனே நிறுத்தாவிடில்...'" அவள் நிறுத்தினாள். "அண்ணி, ஊழியராகன்னு போட்டிருக்கு. டைரக்டர் கையெழுத்து. தேதிகூடப் போட்டிருக்கான்."

அச்சு அக்கா காகிதத்தை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் படித்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கெஞ்சியபோது கொடுக்காத வரி, கையைக் கட்டிப் போட வேண்டிவந்தபோது தானாக வந்திருக்கிறது. "எத்தனை காப்பி எடுக்கணும்?" என்று கேட்டாள்.

நாத்தனார் அடித்துக் கொடுத்த மனுவின்மேல் தொழிலாளர் அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு மாண்பு அலுவலர் வந்தார். அங்கே இருந்த அதிகாரியம்மாள் மூக்கின் நுனியில் கண்ணாடி போட்டவள், நாள் முழுக்க இதையே கேட்டுக் களைத்த முகம்.

"இந்தம்மா உங்ககிட்ட வேலையே பாக்கலைன்னு பதில் குடுத்திருக்கீங்க. பாக்காதவங்கள, வெளிய பாக்கக் கூடாதுன்னு எப்படி நோட்டீஸ் விட்டீங்க?"

அவர் நெஞ்சில் கை வைத்தார். "மேடம், அவங்க வேலை பாக்கலைன்னு நாங்க என்னைக்குமே சொன்னதில்ல. பாத்தாங்கன்னு எழுதலைன்னுதான் சொன்னோம்."

அதிகாரியம்மாள் பேனாவைத் திறந்தாள். பிறகு, "மெதுவா இன்னொரு தடவ சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். அவர் பெருமையோடு மெதுவாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு, அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அச்சு அக்கா பதினான்கு வருடமும் ஊழியர்தான், அதற்குரிய நியமன உத்தரவை நிலையம் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

நிலையம் உத்தரவுக்கு உடனே பணிந்தது. மறு வாரமே கவர் வந்தது. வாட்ச்மேன்தான் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு காகிதங்கள். முதலாவது, பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதியிலிருந்து அச்சுப் பிரிவில் அவளை நியமிக்கும் உத்தரவு. இரண்டாவது, பதினான்கு வருடமாக நியமன உத்தரவைப் பெற்றுக்கொள்ளாமல் பணியாற்றிய ஒழுங்கீனத்துக்காக அவளைப் பணியிலிருந்து நீக்கும் உத்தரவு. இரண்டிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நிலையத்தின் வரலாற்றில் முதல் பணிநீக்கம் அவளுக்குத்தான் கிடைத்தது.

நாத்தனார் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அச்சு அக்கா இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது காகிதத்தைச் சும்மா விடப்போவதில்லை, அதற்கும் மனு போட்டாக வேண்டும், மறுபடி அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டும். நினைக்கும்போதே உடம்பு அலுத்தது.

வாட்ச்மேன் இன்னும் போகவில்லை. வாசலில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்த மொத காகிதத்த நான் ஒரு தடவ பாக்கலாமா?"

"என்னத்துக்கு?"

"நியமன உத்தரவு எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. ஊழியர் கணக்குலயே நான் இல்லையே."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே, உதடுகள் அசைய, முத்திரையிலிருந்து கையெழுத்துவரை ஒரு வரி விடாமல் படித்தார். படித்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார். டைப் மெஷினில் புதுத்தாள் ஏறும் சத்தம் கேட்டது.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள் நாத்தனார். "எந்த வருஷம் சேந்தீங்க?"